பல்கலைக்கழகம் மாறிக் கட்டடக்கலை படிக்க விரும்பும் மகள்: எத்தனை ஆண்டுக்குப் பணம் ஒதுக்குவது?

கேள்வி: நாங்கள் டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் வசிக்கிறோம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற எங்கள் மகள் 2024 ஆகஸ்டில் யூ.டி. (டெக்சாஸ் பல்கலைக்கழகம்) டல்லாஸில் கணினி அறிவியல் சேர்ந்தாள். இந்த மே மாதத்தோடு 62 கிரெடிட் (பாட அலகு) முடிகிறது. இப்போது கட்டடக்கலைதான் படிப்பேன் என்று யூ.டி. ஆர்லிங்டனுக்கு மாற விரும்புகிறாள். இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள் என்பதால் எல்லா கிரெடிட்டும் செல்லும், இன்னும் இரண்டே ஆண்டில் முடித்துவிடலாம் என்கிறாள். 529 கல்விச் சேமிப்புக் கணக்கில் 38,000 டாலர் இருக்கிறது. அவள் பெயரில் 12,000 டாலர் மத்திய அரசுக் கடன் உள்ளது. எங்கள் இருவரின் ஆண்டு வருமானம் 1,30,000 டாலர். பணம் போதாவிட்டால் 401கே ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து எடுக்கலாமா?

பதில்: உங்கள் மகள் சொல்வதில் பாதி சரி. டெக்சாஸ் அரசுக் கல்லூரி ஒன்றில் 42 கிரெடிட் கொண்ட பொதுப் பாடத் தொகுதியை முழுவதுமாக முடித்துவிட்டால், அம்மாநிலத்தின் வேறெந்த அரசுப் பல்கலைக்கழகமும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். ஆகவே அவளுக்கு அந்தத் தொகுதியில் ஒன்றிரண்டு பாடம் மீதமிருந்தால், மாறுவதற்கு முன்பே, கோடை விடுமுறையில் ஒரு சமுதாயக் கல்லூரியிலாவது அதை முடித்துவிடுவது நல்லது. மீதிப் பாடங்களின் நிலை வேறு. நிரல் எழுதும் பாடமும் தரவுக் கட்டமைப்புப் பாடமும் புதிய பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியலில் ஏறும், ஆனால் பட்டத்துக்கு வேண்டிய கட்டங்களில் பெரும்பாலும் உட்காராது.

கட்டடக்கலையில் கணக்கைத் தீர்மானிப்பது ஸ்டூடியோ எனும் வடிவமைப்புப் பயிற்சி வகுப்புகள். ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் சேர முடியும் என்ற வரிசையில் அவை அமைந்திருப்பதால், கையில் 62 கிரெடிட் இருந்தாலும் 100 இருந்தாலும், முதல் ஸ்டூடியோவிலிருந்து தொடங்கும் மாணவிக்குக் காலம் அதிகம் சுருங்குவதில்லை. எனவே மூன்று ஆண்டுக்குக் குறையாது என்று வைத்துக்கொண்டு, நான்காவது ஆண்டுக்கும் திட்டமிடுங்கள். சேர்க்கை முன்பணம் கட்டுவதற்கு முன், அங்குள்ள கட்டடக்கலைத் துறை ஆலோசகரிடம் எத்தனை கிரெடிட் ஏற்கப்படும் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த செமஸ்டரில் எந்த ஸ்டூடியோ என்று பருவவாரியாக எழுதிய பட்டத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளையும் அவளுடைய இப்போதைய மதிப்பெண் பட்டியலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொருந்தும் பாடங்களை ஒரு பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தால், பட்டத் திட்டத்தில் அடிபடாமல் நிற்கும் பாடங்கள்தான் நீங்கள் இனிப் பணம் கட்ட வேண்டியவை.

இன்னொரு செய்தியையும் அவள் அறிந்திருக்க வேண்டும். ஆர்லிங்டனின் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம் மட்டும் கட்டடக் கலைஞர் உரிமத்துக்கு வழக்கமான பாதை ஆகாது. அதன்மேல் அங்கீகாரம் பெற்ற முதுநிலைப் பட்டம் வேண்டும். ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் யூ.டி. ஆஸ்டினும் நடத்தும் ஐந்தாண்டுப் பட்டம் அங்கீகாரம் பெற்றது, ஆனால் அங்கே விடுதிச் செலவு சேரும். வீட்டிலிருந்தே போய்வருவது மலிவு என்று முடிவுசெய்வதற்கு முன், மாதிரிக் கட்டடத்துக்கு அட்டை வெட்டி ஒட்டிக்கொண்டு ஸ்டூடியோவில் நள்ளிரவு வரை இருந்துவிட்டு, ஆர்லிங்டனிலிருந்து பிளேனோவுக்குத் தனியாகக் காரோட்டி வருவதையும் எண்ணிப் பாருங்கள். அதை நான் பணத்தை வைத்து மட்டும் எடைபோட மாட்டேன்.

இப்போது கடன். பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளநிலை மாணவருக்கு மத்திய அரசுக் கடன் முதலாண்டு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500, அதன்பின் ஆண்டுக்கு 7,500, மொத்தத்தில் 31,000 டாலர் என்பதே உச்சவரம்பு. உங்கள் மகளுக்கு இனி 19,000 மீதம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் 15,000 போனால், ஐந்தாம் ஆண்டுக்கு 4,000 மட்டுமே கிடைக்கும், ஆறாம் ஆண்டுக்கு எதுவும் இராது. முதுநிலையில் ஆண்டுக்கு 20,500 வரை கிடைக்கும். அதற்கு மேல் செலவு முழுவதையும் ஈடுகட்டிவந்த கிராஜுவேட் பிளஸ் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு இல்லை. இந்த இடைவெளிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

529 பணத்தைக் கடைசி ஆண்டுகளுக்குக் காப்பாற்றி வைப்பதே என் பரிந்துரை. பல்கலைக்கழகமோ துறையோ மாறுவதால் அந்தக் கணக்குக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, முதுநிலைக்கும் பயன்படுத்தலாம். 2026, 2027 ஆகிய இரண்டு வரி ஆண்டுகளிலும் கட்டணத்தில் முதல் 4,000 டாலரை 529-ஐத் தொடாமல் சம்பளப் பணத்திலிருந்தோ அவளுடைய கடனிலிருந்தோ கட்டுங்கள். உங்கள் வருமானத்துக்கு 2,500 டாலர் அமெரிக்க வாய்ப்பு வரிச்சலுகை முழுமையாகக் கிடைக்கும். இந்தச் சலுகையை ஒரு மாணவருக்கு நான்கு வரி ஆண்டுகள்தான் பெற முடியும். 2024, 2025 ஆண்டுகளுக்கு ஏற்கெனவே பெற்றிருந்தால், 2028 முதல் அதிகபட்சம் 2,000 டாலர் தரும் வாழ்நாள் கற்றல் சலுகைதான்.

டெக்சாஸில் பட்டத்துக்கு வேண்டியதைவிட 30 கிரெடிட்டோ அதற்கு மேலோ கூடுதலாகிவிட்டால், பல்கலைக்கழகம் வெளிமாநிலத்தவர் கட்டணம் வரை கூட்டி வசூலிக்கலாம். 62-உடன் இன்னும் 80 எடுத்தாலும் 142. பட்டத்துக்கு ஏறக்குறைய 120 என்றால் எல்லை 150. பள்ளியிலேயே ஏபி எனும் கல்லூரி நிலைத் தேர்வெழுதிப் பெற்ற கிரெடிட் இதில் சேராது. எனவே இப்போதைக்குத் தப்புவாள், ஆனால் மீண்டும் ஒருமுறை துறை மாற இடமில்லை.

401கே வேண்டாம். ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரியோடு 10 சதவீத அபராதமும் உண்டு; ஐஆர்ஏ எனும் தனிநபர் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்குக்கு உள்ள கல்விச் செலவு விலக்கு 401கே-க்கு இல்லை.

நடைமுறையில், இந்த செமஸ்டரைப் பாதியில் விடாமல் முடிக்கச் சொல்லுங்கள். பருவத்தின் 60 சதவீதத்துக்கு முன் விலகினால் உதவித்தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர நேரும். ஃபாஃப்ஸா எனும் மத்திய அரசுக் கல்வி உதவி விண்ணப்பத்தில் ஆர்லிங்டனின் குறியீட்டைச் சேர்க்க வேண்டும், ஏனெனில் டல்லாஸ் தந்த உதவித்தொகை அவளோடு வராது. மாற்று மாணவருக்கான தனி உதவித்தொகைக்குக் கடைசித் தேதி எது என்பதை இந்த வாரமே கேட்டுவிடுங்கள். பட்டத் திட்டம் கைக்கு வந்ததும் எனக்கு எழுதினால், ஆண்டுவாரியாகக் கணக்கிட்டுத் தருகிறேன்.