300 டிபிஐ-னு போட்டா படம் தெளிவாயிடுமா?

கேள்வி: தாத்தாவுக்கு சதாபிஷேகம் வருது. மேடைக்கு 10க்கு 8 அடி ஃப்ளெக்ஸ், மண்டப வாசல்ல 4க்கு 6 அடி ஒண்ணு. கடையில 300 டிபிஐல படம் வேணும்னுட்டாங்க. கையில இருக்கறது மாமா வாட்ஸ்அப்ல அனுப்பின போட்டோ, அப்புறம் சுவத்துல மாட்டியிருக்கற தாத்தா பாட்டியோட கல்யாண போட்டோ. போட்டோஷாப்ல 300னு மாத்தினேன், சிஸ்டம் ஹேங் ஆகுது, சேவும் ஆகல. என்ன பண்ண?

பதில்: சேவ் ஆகாதுங்க. டிபிஐன்னா ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கற கணக்கு. 10 அடின்னா 120 இன்ச், அதை 300ஆல பெருக்கினா 36000 பிக்ஸல், போட்டோஷாப்போட சாதாரண பிஎஸ்டி ஃபைல் ஒரு பக்கத்துக்கு 30000 பிக்ஸலுக்கு மேல ஏத்துக்காது. மொத்தமா கணக்கு போட்டா 103 கோடி பிக்ஸல் வருது, ஆர்ஜிபிலயே (ஸ்க்ரீனோட கலர் முறை) 3 ஜிபிக்கு மேல, வீட்டு கம்ப்யூட்டர் பாவம் என்ன பண்ணும். இதுல பெரிய கொடுமை, மாமா அனுப்பின படத்துல நீளமான பக்கமே பெரும்பாலும் 1600 பிக்ஸல் தான் இருக்கும். அதை 36000 ஆக்கினா ஒரு பிக்ஸல் இருந்த இடத்துல 500 பிக்ஸலை போட்டோஷாப் தானா நிரப்புது, தாத்தா முகத்துல புதுசா ஒரு சுருக்கம் கூட வராது, ஃபைல் மட்டும் வீங்கும்.

300 டிபிஐங்கறது கையில பிடிச்சு பார்க்கற பத்திரிகைக்கும் விசிட்டிங் கார்டுக்கும் உள்ள கணக்கு. கடைக்காரர் எல்லாருக்கும் ஒரே பதிலா சொல்லி பழகிட்டார், அவரை குறை சொல்லல, அப்படி சொன்னாதான் பாதி பேராவது உருப்படியான படம் கொண்டு வராங்க. பேனருக்கு கேட்க வேண்டியது ஒண்ணுதான், எத்தனை அடி தள்ளி நின்னு பார்ப்பாங்க? 300-ஐ அந்த அடியால வகுத்துடுங்க, நல்ல கண்ணுக்கு ஒரு இன்ச்சுக்கு அவ்வளவு பிக்ஸல்தான் பிரிச்சு தெரியும், அதுக்கு மேல இருக்கறது வீண். நான் அதைப் போல ரெண்டு மடங்கு வச்சுப்பேன், ஒரு தைரியத்துக்கு.

மேடை பேனரை முன் வரிசையே 20 அடி தள்ளித்தான் பார்க்கும். 300 வகுத்தல் 20, 15 வருது, ரெண்டு மடங்குன்னா 30. 120 இன்ச்சுக்கு 3600 பிக்ஸல் போதும், சாதாரண 12 மெகாபிக்ஸல் போன்லயே 4000 பிக்ஸல் வந்துடும்! ஆனா வாசல் பேனர் அப்படி இல்ல, அது பக்கத்துல நின்னுதான் எல்லாரும் செல்ஃபி எடுப்பாங்க. 3 அடி தூரம்னா இன்ச்சுக்கு 100 பிக்ஸல் கேட்கும், இங்க ரெண்டு மடங்கெல்லாம் பார்க்க வேண்டாம், 70க்கு குறையாம பாருங்க. சின்ன பேனருக்குத்தான் நல்ல படம் வேணும், நிறைய பேர் இதை தலைகீழா பண்ணிட்டு வருவாங்க.

அதனால மாமாவுக்கு போன் போட்டு அதே படத்தை வாட்ஸ்அப்லயே "டாக்குமென்ட்"னு இருக்கும்ல, அது வழியா அனுப்ப சொல்லுங்க, ஒரிஜினல் அப்படியே வரும், கூகுள் டிரைவ்ல போட்டாலும் சரி. அவர் டெலீட் பண்ணிட்டார்னா தாத்தாவை காலை வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வாசல் திண்ணையில உட்கார வச்சு புதுசா எடுங்க, ஜூம் பண்ணாம, நாலு எட்டு கிட்ட போய். அதுக்கு 10 நிமிஷம்தான், இன்டர்நெட்ல ஏஐ டூல் தேடுற நேரத்துக்கு இது எவ்வளவோ மேல். ஏஐல பெருசு பண்ணா செடி, பட்டுப்புடவை எல்லாம் பளிச்சுனு வருது, முகம்தான் பிரச்சனை, இல்லாத கண்ணையும் பல்லையும் அது கற்பனையா வரையும். மண்டபத்துல பாட்டி வந்து "இது யாரு?"னு கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்.

கல்யாண போட்டோவுக்கு வருவோம். கண்ணாடி மேல போன்ல எடுக்காதீங்க, ட்யூப்லைட்டும் உங்க கையும் சேர்ந்து விழும். ஃப்ரேமை கழட்டி பாருங்க, படம் கண்ணாடியோட ஒட்டியிருந்தா மட்டும் பிடிச்சு இழுக்காதீங்க, மேல் பூச்சு உரிஞ்சு வந்துடும், அப்ப போன்தான் வழி, நிழல்ல நேரா பிடிச்சு எடுங்க. கழண்டு வந்துச்சுன்னா 600 டிபிஐல ஸ்கேன், இங்க அந்த டிபிஐ நிஜமாவே வேலை செய்யும். 6க்கு 4 இன்ச் படம்னா 3600க்கு 2400 பிக்ஸல். பேனர்ல அதை ஒரு 3 அடி வட்டத்துக்குள்ளதானே வைக்கப் போறீங்க, தாராளம். கருப்பு வெள்ளையை அப்படியே விட்டா ஃப்ளெக்ஸ் மெஷின்ல லேசா பச்சையோ ரோஸோ அடிக்கலாம், நானா கொஞ்சம் செபியா, அதாவது லேசான பழுப்பு நிறம், ஏத்திடுவேன், பழைய படம் மாதிரியே அழகாவும் இருக்கும்.

மேடை பேனர் டிசைன் ஃபைலை 120க்கு 96 இன்ச், 72 டிபிஐ வச்சு ஆரம்பிங்க, 8640க்கு 6912 பிக்ஸல், ஓரளவு நல்ல சிஸ்டம் தாங்கும். எழுத்தை மட்டும் கோரல் டிராவிலயோ இல்லஸ்ட்ரேட்டர்லயோ போட்டு கர்வ்ஸா, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமா, மாத்திடுங்க, இல்லைன்னா கடை சிஸ்டத்துல உங்க தமிழ் ஃபான்ட் இல்லாம "சதாபிஷேகம்" வேற ஏதோ மந்திரம் மாதிரி வந்து நிக்கும். நாலு பக்கமும் 4 இன்ச்சுக்கு முகமோ எழுத்தோ வேண்டாம், ரீப்பர் கட்டைல மடிச்சு ஆணி அடிக்கறப்ப அது உள்ள போயிடும். ஸ்க்ரீன்ல மின்னுற கிளிப்பச்சை, நீலம் எல்லாம் பிரிண்ட்ல கொஞ்சம் மங்கும், சிஎம்ஒய்கே-வா (பிரிண்ட் மையோட கலர் முறை) ஆர்ஜிபியா எது தரணும்னு கடையிலயே கேட்டுக்கோங்க, மெஷினுக்கு மெஷின் மாறும்.

முழுசா அடிக்கறதுக்கு முன்னாடி தாத்தா முகம் வர்ற இடத்தை மட்டும் ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, அதே சைஸ்ல பிரிண்ட் போட சொல்லுங்க. சதுர அடி கணக்குதானே, பெருசா காசு ஆகாது. அதை சுவத்துல ஒட்டிட்டு மேடை பேனர்னா 20 அடி, வாசல் பேனர்னா 3 அடி தள்ளி நின்னு பாருங்க, கூட பாட்டியையும் நிக்க வைங்க.