வாசகர் கேள்வி – பதில்: நாற்பது ஆண்டுகள் பிடிபடாத இரைப்பைக் கிருமி

கேள்வி: எனக்கு வயது 46. வெறும் வயிற்றில் எரிச்சல் இருந்ததால் மதுரையில் எண்டோஸ்கோபி செய்தேன். சிறுகுடலின் தொடக்கத்தில் புண் இருக்கிறது, அதற்குக் காரணம் 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்ற கிருமி, அது சிறு வயதிலேயே தொற்றியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். சளி, காய்ச்சல் எதுவானாலும் எனக்கு நான்கு நாளில் சரியாகிவிடும். இந்த ஒரு கிருமியை மட்டும் உடல் எப்படி விட்டுவைத்தது? எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் மாத்திரை இல்லாமலே போய்விடுமா?
– வாசகர், ஒத்தக்கடை

பதில்: உங்கள் எதிர்ப்புச் சக்தியில் குறை இருப்பதாக எண்ண வேண்டியதில்லை. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் இரைப்பையில் இக்கிருமி குடியிருக்கிறது. நல்ல உடற்கட்டு உள்ளவர்களையும் அது விட்டுவைப்பதில்லை.

முதலில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரைப்பையின் உட்சுவரை ஒரு கெட்டியான சளிப்படலம் போர்த்தியிருக்கிறது. திருகு போன்ற உடலும் வால் போன்ற இழைகளும் கொண்ட இக்கிருமி அந்தப் படலத்துக்குள் நீந்திச் சென்று தங்கிவிடுகிறது. நம் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள்களும் வெள்ளணுக்களும் அங்கே போய்ப் போதிய அளவில் வேலை செய்வது கடினம். வழியில் எதிர்ப்படும் அமிலத்தை அது சமாளிக்கும் விதத்தை எண்டோஸ்கோபி அறையிலேயே கண்ணால் பார்க்கலாம். கடுகளவு சதையைக் கிள்ளி எடுத்து யூரியா கலந்த மஞ்சள் நிறக் கூழில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அந்த மஞ்சள் சிறிது நேரத்தில் சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கரைத்தால் சிவப்பது போலத்தான் இதுவும், காரத்தன்மையால் வரும் நிறமாற்றம். கிருமியிலுள்ள யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. அந்த அம்மோனியா இரைப்பைக்குள்ளும் கிருமியைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்து அதற்கு வழிவிடுகிறது.

ஆனால் ஒளிந்துகொள்வதைவிடப் பெரிய வித்தை அடையாளத்தை மறைப்பதுதான். பல பாக்டீரியாக்களின் வால் இழையிலுள்ள ஃபிளாஜெல்லின் என்ற புரதத்தைக் கண்டவுடன் நம் செல்களின் உணர்விகள் எச்சரிக்கை கொடுத்துவிடும். இக்கிருமியிலோ, அந்த உணர்வி தொட்டுப் பார்க்கும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால், வாலும் ஓடுகிறது, எச்சரிக்கையும் எழுவதில்லை. வெளியுறையிலுள்ள கொழுப்பு மூலக்கூறும் அப்படியே: அதன் கொழுப்புச் சங்கிலிகள் குறைந்தும் பாஸ்பேட் தொகுதிகள் நீங்கியும் இருப்பதால், அதை அடையாளம் காண வேண்டிய மற்றோர் உணர்வி அரைத்தூக்கத்திலேயே இருந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, நம் இரைப்பைச் செல்களின் மேலுள்ள 'லூயிஸ்' என்னும் சர்க்கரைத் தொகுதிகளைப் போன்றவற்றையே தன் உறையின் மேலும் அணிந்துகொள்கிறது. நம் வீட்டார் உடுப்பைப் போட்டுக்கொண்டு நடமாடுபவனை யார் சந்தேகப்படுவார்கள்?

இவ்வளவுக்குப் பிறகும் உடல் சும்மா இருப்பதில்லை. வெள்ளணுக்கள் வரத்தான் செய்கின்றன. அவை உமிழும் நச்சு ஆக்சிஜன் சேர்மங்களைக் கிருமி தன்னுடைய நொதிகளால் செயலிழக்கச் செய்கிறது. கிருமியைக் கொல்லும் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்க வெள்ளணுக்களுக்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் தேவை. அந்தச் சரக்கையே கிருமி தின்று தீர்க்கிறது. 'வாக்-ஏ' என்ற அதன் நச்சுப் புரதமோ, தாக்குதலைப் பெருக்க வேண்டிய 'டி செல்கள்' என்னும் வெள்ளணுக்கள் பல்கிப் பெருகுவதையே தடுக்கிறது. சண்டை முடிவதுமில்லை, வெற்றியும் கிட்டுவதில்லை. ஆண்டுக்கணக்கில் நீளும் அந்த இழுபறியைத்தான் 'இரைப்பை அழற்சி' என்கிறோம். திசுவுக்கு நேரும் சேதத்தில் கிருமியின் பங்கோடு நம் வெள்ளணுக்களின் பங்கும் உண்டு.

ஆகவே கஷாயமோ சத்து மாவோ குடித்து எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் கிருமி போய்விடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையுடன் குறைந்தது இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பெரும்பாலும் 14 நாட்கள் கொடுப்பார்கள். நான்காம் நாளே எரிச்சல் அடங்கிவிட்டது என்று நிறுத்துபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அரைகுறையாக விட்டால் மிஞ்சும் கிருமிகள் மருந்துக்கு அசையாதவையாக இருக்கலாம்.

கேள்வி: இரத்தப் பரிசோதனையில் இக்கிருமிக்கு எதிர்ப்பொருள் இருப்பதாக வந்துள்ளது. அப்படியானால் உடல் அதை வென்றுவிட்டது என்றுதானே பொருள்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அம்மை நோயை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள். இங்கே அந்தக் கணக்கு பொருந்தாது. எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்க, கிருமி இரைப்பையில் நிம்மதியாக வாழும். மருந்தால் கிருமி ஒழிந்த பின்னரும் எதிர்ப்பொருள் நெடுநாள் நீடிக்கும். இப்போது கிருமி இருக்கிறதா என்றறிய யூரியா மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை வேண்டும். சிகிச்சைக்குப் பின் பரிசோதிப்பதானால் ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரங்களாவது கழியட்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைப் பரிசோதனைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம்.

கேள்வி: இரவுக் கடைப் பரோட்டாவும் காரச் சால்னாவும்தானே அல்சருக்குக் காரணம்?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: மருத்துவ உலகமே காரத்தையும் கவலையையும் நெடுங்காலம் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது. 1984-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் இக்கிருமி வளர்ந்த நீரைத் தாமே குடித்து, சில நாட்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வரக் கண்டார். அவருக்கும், அவருடன் இக்கிருமியைக் கண்டறிந்த ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. சால்னா ஏற்கெனவே உள்ள எரிச்சலைக் கூட்டலாம், புண்ணை உண்டாக்கியது அதுவன்று. கிருமிக்கு அடுத்தபடியாகச் சந்தேகப்பட வேண்டியது, உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் வாய்ச்சொல்லில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை. அப்பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.