அளவான பட்ஜெட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: எதை வாங்குவது?

கேள்வி இது: "கையில் அளவான பணம்தான் இருக்கிறது. ஓட்டுவதற்குச் சந்தோஷமாக ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசை. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?"

மாடல் பெயர் மட்டும் போதும் என்றால் மாஸ்டா எம்எக்ஸ்-5. மியாட்டா என்றும் சொல்வார்கள். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு வரும் பதில்களில் பாதி, குதிரைத்திறனையும் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆகும் நொடிகளையும் வரிசைப்படுத்திவிட்டுப் போய்விடுகின்றன. சொந்தப் பணத்தில் இப்படி ஒரு காரை வாங்கி, வருடக்கணக்கில் வைத்து ஓட்டுகிறவன் என்கிற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஏற்கெனவே ஏதோ ஒரு விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. ஒரு போர்ஷே பாக்ஸ்டராகவோ நிசான் 350இசட்டாகவோ இருக்கும். "இந்த விலைக்கு இந்தக் காரா!" என்று அன்றைக்கு உங்களுக்குத் தூக்கம் வந்திருக்காது. எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் அந்த விலை ஏன் அவ்வளவு குறைந்தது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

பழைய காருக்கு நாம் கொடுப்பது இன்றைய விலை. அதற்கு வாங்கிப் போடும் பிரேக் டிஸ்க், ஷாக் அப்சார்பர், கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் அந்தக் கார் புதிதாக இருந்தபோது எந்த வரிசையில் இருந்ததோ அந்த வரிசையின் விலைக்குத்தான் கிடைக்கும். கார் விலை ஆறில் ஒன்றாக விழலாம். பாகங்களின் விலை அப்படி விழாது, மெக்கானிக்கின் கூலியும் விழாது. யானையைச் சும்மா கொடுத்தாலும் தீனி நாம்தானே போட வேண்டும்? அதனால் உங்கள் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு எந்தக் கார் வருகிறது என்று பாருங்கள். இந்த மூன்றில் ஒரு பங்கு என் அனுபவக் கணக்கு. கால்பங்கு போதும் என்பவர்களும் உண்டு. ஆனால் மொத்தத்தையும் கொட்டி வாங்கினால், முதல் பெரிய ரிப்பேர் வரும்போது கார் ஓரமாக நின்றுவிடும்.

நான் தேடியபோது நடந்ததைச் சொல்கிறேன். என் அண்ணனுக்கும் கார் பைத்தியம் உண்டு. அவர்தான் ஒரு முதல் தலைமுறை பாக்ஸ்டரைக் கண்டுபிடித்தார். 1996-இல் வெளிவந்த அந்த 986 வரிசையில் பிற்கால வண்டி அது. படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. விலையும் என் பட்ஜெட்டுக்குள் கச்சிதமாக அடங்கியது, எடுத்து வைக்கத்தான் எதுவும் மிஞ்சாது. போகும் முன்பே விற்பவரிடம் போனில் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: "நான் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருங்கள்." சரி என்றார்.

மற்ற கார் என்றால் போனதும் பானட்டில் கை வைத்துப் பார்த்தே இன்ஜின் சூடா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம். பாக்ஸ்டரில் இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருக்கிறது. அதனால் சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரை மட்டும் பார்த்தேன். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பம் காட்டும் முள் மெல்ல எழுந்து பாதிவரை போய் நின்றது. நேற்றிலிருந்து அசையாத காருக்கு அது அடியிலேயே கிடக்க வேண்டும். "காலையில் கழுவுவதற்காகக் கொஞ்சம் நகர்த்தினேன்" என்றார். கழுவ நகர்த்தினால் முள் அந்த அளவுக்கு ஏறாது. குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போதுதான் செயின் சத்தம், டேப்பெட் சத்தம், நீலப்புகை எல்லாம் தெரியும். சூடாக்கிவிட்டால் பாதி நோய் மறைந்துவிடும்.

அப்புறம் காரின் கணினியில் பதிவாகும் பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினேன். பிழைக் குறியீடு ஒன்றுகூட இல்லை. அண்ணன் முகத்தில் சந்தோஷம். ஆனால் அதே ஸ்கேனரில் இன்னொரு பக்கம் உண்டு. காரின் கணினி தன் சோதனைகளை எல்லாம் ஓட்டி முடித்துவிட்டதா என்று அது காட்டும். அதில் பெரும்பாலானவை "முடியவில்லை" என்று நின்றன. யாரோ சற்று முன்புதான் பழைய பிழைகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். நாள்தோறும் ஓடும் காரில் அந்தச் சோதனைகள் தானாகவே முடிந்திருக்கும். இந்த ஒரு பக்கத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். ஸ்கேனர் ஒன்றும் பெரிய விலை இல்லை.

கடைசியாக இருக்கையை முன்னால் தள்ளிக் கம்பளத்தை அழுத்தினேன். விரல் நனைந்தது. மடக்கும் கூரை உள்ள கார்களில் மழைநீர் வெளியேறச் சின்னத் துளைகள் உண்டு. இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். அந்த பாக்ஸ்டரில் திருட்டுத் தடுப்புக் கருவியின் கண்ட்ரோல் யூனிட் இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. அது நனைந்தால் கார் ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அண்ணனுக்கு என் மேல் கோபம். "இந்த விலைக்கு இனி கிடைக்குமா?" என்று வழியெல்லாம் புலம்பினார். கோபப்படட்டும், அன்றைக்குத் திரும்பி வந்தது சரியான முடிவு என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

போர்ஷே பிரியர்கள் இதைப் படித்தால் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். நான் பாக்ஸ்டரைக் குறை சொல்லவில்லை. ஸ்டீயரிங் பிடித்தவுடனே அது எப்படிப்பட்ட கார் என்று தெரிந்துவிடும். அதன் இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டு பேரிங் (ஐஎம்எஸ் என்பார்கள்) உடைந்தால் இன்ஜினே போய்விடும் என்பது உண்மை. எல்லாக் காரிலும் அது உடைவதில்லை என்பதும் உண்மை. ஆரம்ப வண்டிகளில் இரட்டை வரிசைப் பேரிங், பிறகு ஒற்றை வரிசை, 2006 வாக்கில் அதைவிடப் பெரியது. இந்தப் பெரியது உறுதியானது, ஆனால் இன்ஜினைப் பிரிக்காமல் மாற்ற முடியாது. 2009-இல் வந்த புதிய இன்ஜினில் அந்தப் பேரிங்கே கிடையாது. முந்தைய ஓனர் பேரிங்கை மாற்றியதற்கு பில் இருந்து, ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்ததில் உலோகத் துகள் எதுவும் இல்லை என்றால் தாராளமாக வாங்கலாம். கையில் ரிப்பேர் பணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் வாதம்.

நான் வாங்கியது இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5. 1998 முதல் 2005 வரை வந்தது, முதல் தலைமுறைபோல முகப்பு விளக்குகள் மேலெழுந்து மடங்காது. விற்றவர் பணி ஓய்வு பெற்ற மனிதர். போனதும் சாவியைக் கொடுக்கவில்லை, ஒரு தடித்த ஃபைலைக் கொடுத்தார். ஆயில் மாற்றியது, டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் மாற்றியது, கூரைத் துணி மாற்றியது, பேட்டரி வரை எல்லாவற்றுக்கும் பில். ஒவ்வொரு பில்லிலும் ஓடிய தூரம் எழுதியிருந்தது, அந்த எண்கள் வருடாவருடம் ஒழுங்காக ஏறிக்கொண்டு வந்தன. அந்த ஃபைலுக்காகவே நான் கூடுதல் விலை கொடுப்பேன், கொடுத்தேன்.

ஃபைலைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. இந்தக் காருக்கு எமன் துரு. கதவுக்குக் கீழே ஓடும் சட்டம் பின்சக்கரத்தைச் சந்திக்கும் இடத்தில் விரலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், துருவை மறைத்துப் பட்டி பார்த்த இடம் மொத்தென்று கேட்கும். இரண்டாம் தலைமுறையில் முன்பக்கச் சட்டங்களும் உள்ளிருந்து அரிக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. லிஃப்ட்டில் ஏற்றி டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். என் காரில் பின்சக்கரத்தின் ஓரம் லேசாகப் பொரிந்திருந்தது. அதை அவரே முதலில் காட்டினார். விலையில் அதற்கேற்பக் குறைத்தும் கொண்டார்.

இந்தக் காரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் "அது பெண்கள் ஓட்டும் கார்" என்று ஆரம்பிப்பார். எனக்கு ரத்தம் கொதிக்கும். பெண்கள் ஓட்டினால் அந்தக் காருக்கு என்ன குறை? உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அது. 2016-இல் பத்து லட்சமாவது வண்டி தயாரானது. எடை ஏறக்குறைய ஆயிரம் கிலோதான். எடை குறைவு என்பதால் பிரேக், டயர், கிளட்ச் எல்லாம் நீடித்து உழைக்கின்றன, பாகங்களும் மலிவு. வளைவில் திருப்பும்போது முன்சக்கரம் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரியும். நேர்ச்சாலையில் எல்லோரும் முந்திக்கொண்டு போவார்கள், போகட்டும். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எனக்கு வளைவுதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். வேலைக்குப் போய்வரும் என் சாதாரண காரை ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டேன். முன்சக்கர பேரிங் இரண்டும் மாற்றியதாக பில் போட்டார்கள். கழற்றிய பழையதைக் கேட்டேன். "அதெல்லாம் தூக்கிப் போட்டாச்சு சார்" என்று முறைத்தார்கள். வெளியே வந்தால் சத்தம் அப்படியே இருக்கிறது. இன்னொரு மெக்கானிக் கழற்றிப் பார்த்தபோது ஒரு பக்கம்தான் புதிது, மறுபக்கம் பழையதே. மாற்றிய பாகத்தைப் பணம் கொடுத்தவன் கையில் கொடுப்பதில் இவர்களுக்கு என்ன கஷ்டம்? எல்லா மெக்கானிக்கும் இப்படி என்று சொல்ல வரவில்லை, என் எம்எக்ஸ்-5ஐப் பார்க்கிறவர் கேட்காமலே பழைய பாகத்தைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்துவிடுவார். ஆனால் கார் வாங்கும் முன்பே அப்படி ஒருவரைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் பார்க்கப் போகும்போதே கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, மற்ற கார்களுக்கு வருகிறேன். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 எல்லாவற்றையும்விட மலிவாகக் கிடைக்கும், அதற்குக் காரணம் இருக்கிறது. அதில் இருப்பது ரோட்டரி இன்ஜின், அதாவது பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் இன்ஜின். பழுதில்லாமல் இருந்தாலும் ஆயில் குடிக்கும், அதன் அமைப்பே அப்படி. ஆயிலை அடிக்கடி பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, அணைத்துவிட்டு, சில நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். இழுத்து இழுத்துத் திணறினால் உள்ளே சீல்கள் தேய்ந்துவிட்டன என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில் கம்ப்ரஷன் (இன்ஜினுக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்காமல் அதைத் தொடவே கூடாது.

ஹோண்டா எஸ்2000 (1999 முதல் 2009 வரை) எனக்கு மிகவும் பிடித்த கார். இரண்டு லிட்டர் இன்ஜின், டர்போ கிடையாது, ஆனாலும் ஒன்பதாயிரம் ஆர்பிஎம் வரை போகும். இப்போது சேகரிப்பவர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். அளவான பட்ஜெட்டில் கிடைத்தால் அடிபட்ட வண்டியாகவோ இஷ்டத்துக்கு மாற்றங்கள் செய்த வண்டியாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

டொயோட்டா எம்ஆர்2 மூன்றாம் தலைமுறை நல்ல தேர்வு, எம்எக்ஸ்-5க்கு நிகரான எடை. ஆரம்ப வருட வண்டிகள் ஆயில் குடிக்கும். இன்ஜினை ஒட்டியிருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் சின்ன கேட்டலிஸ்ட் உதிர்ந்து, தூள் இன்ஜினுக்குள் இழுக்கப்படும் பிரச்சினையும் உண்டு. பெட்டி வைக்க இடம் கிடையாது. 350இசட் உறுதியான வண்டி, ஆனால் ஒன்றரை டன், டயர் செலவு அதிகம். பட்ஜெட் கொஞ்சம் நீளும் என்றால் 2012-இல் வந்த டொயோட்டா ஜிடி86, அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட் இரண்டையும் பாருங்கள். ஆரம்ப வண்டிகளுக்கு வால்வு ஸ்பிரிங் மாற்றச் சொல்லி நிறுவனமே திரும்ப அழைத்தது. அந்த வேலை நடந்ததா, யார் செய்தார்கள், அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று கேளுங்கள்.

எந்தக் காராக இருந்தாலும் டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். அதில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கு டயரும் நான்கு கம்பெனி, வயதும் பத்தைத் தாண்டியது என்றால், கண்ணில் படும் டயரிலேயே கஞ்சத்தனம் பார்த்தவர் கண்ணில் படாத ஆயிலுக்கா செலவு செய்திருப்பார்?

அட்வான்ஸ் கொடுக்கும் முன் இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்று விசாரித்துவிடுங்கள், இரண்டு இருக்கைக் கார்களுக்குச் சில இடங்களில் தாறுமாறாகக் கேட்கிறார்கள். நீங்கள் உயரமானவர் என்றால் எம்எக்ஸ்-5இல் கூரையை மூடி, கால்மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தால் அந்தக் கார் உங்களுக்கு ஒத்துவராது, ஜிடி86 பக்கம் போய்விடுங்கள்.