லக்சரில் ஒரு பகல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எகிப்துப் பயணத்தில் லக்சருக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடிந்தது. நைலின் இரு கரைகளையும் கைடுடன் பார்த்துவிட முடியுமா? எங்கே தொடங்குவது?

பதில்: முடியும். ஆனால் ஐந்து இடத்துக்கு மேல் பட்டியல் போட்டால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது. மேற்குக் கரையை முதலில் முடியுங்கள். பழங்கால அரசர்களின் கல்லறைகள் உள்ள மன்னர்களின் பள்ளத்தாக்கு காலை 6 மணிக்குத் திறக்கும்; அப்போதே வாசலில் நில்லுங்கள். வெயில் ஏற ஏற, செங்கடல் கரையில் உள்ள ஹுர்காடாவிலிருந்து விடியற்காலையில் கிளம்பிய பேருந்துகள் வரிசையாக வந்து சேரும். அதன்பின் கல்லறை வாசல்களில் வரிசைதான்.

அடுத்தது டெய்ர் எல்-பஹ்ரியில் அரசி ஹாட்ஷெப்சுட் கோவில். கிழக்கு பார்த்தது, காலை வெளிச்சத்தில்தான் அழகு. பிறகு மெதினெட் ஹாபு, மூன்றாம் ராமசேஸ் மன்னனின் கோவில். மெம்னோன் சிலைகள் என்ற இரண்டு பெரிய கல் சிலைகள் சாலையோரம்தான், ஐந்தில் சேர்க்க வேண்டாம். டிக்கெட் இல்லை, பத்து நிமிடம் போதும். நண்பகலில் சாப்பிட்டு ஓய்வெடுங்கள். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் அது; அந்த வேளையில் கோவில் முற்றத்தில் நிற்பது வீண் வீராப்பு. பிறகு கிழக்குக் கரை: மூன்று மணிக்குக் கர்நாக் கோவில், இருட்டியதும் லக்சர் கோவில். லக்சர் கோவில் இரவிலும் திறந்திருக்கும். விளக்கொளியில் மன்னன் இரண்டாம் ராமசேஸின் சிலைகள் பகலைவிட எடுப்பாகத் தெரியும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: ஆற்றைக் கடப்பது எப்படி? பாலம் ஊருக்குத் தெற்கே தள்ளி இருக்கிறது, வண்டியில் போனால் சுற்று. படகில் சில நிமிடத்தில் அக்கரை போய்விடலாம். கைடு படகில் அழைத்துப்போய், வேறு வண்டியை அங்கே தயாராக நிறுத்தியிருந்தால் நேரம் மிச்சம்.

கேள்வி: பள்ளத்தாக்கில் ஒரு டிக்கெட்டுக்கு மூன்று கல்லறைதானாமே? எந்த மூன்று? துட்டன்காமுனுக்குத் தனிக் கட்டணம் கொடுக்கலாமா?

பதில்: ஆமாம், பொது டிக்கெட்டில் மூன்றுதான். ஒவ்வொரு வாசலிலும் சரிபார்த்துக் கழிப்பார்கள், அதனால் 'சும்மா எட்டிப் பார்ப்போம்' என்று எதிலும் நுழைந்துவிடாதீர்கள். எவை திறந்திருக்கும் என்பதும் மாறிக்கொண்டே இருக்கும். நுழைவிடத்தில் உள்ள அன்றைய பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

பலர் செய்யும் தப்பு, வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரே காலத்துக் கல்லறைகள் மூன்றைப் பார்ப்பது. மூன்றும் நேரான நடைவழி, ஒரே மாதிரி ஓவியம், கடைசியில் எல்லாம் குழம்பிப்போகும். பழையதில் ஒன்று கட்டாயம் வேண்டும். மூன்றாம் துத்மோஸ் கல்லறை (34-ஆம் எண்) பாறை இடுக்கில் உயரத்தில் உள்ளது. இரும்புப் படி ஏறி, பிறகு செங்குத்தாக இறங்க வேண்டும். அடக்க அறையின் மூலைகள் வளைந்திருக்கும். சுவரில் கோடுகளால் மட்டும் வரைந்த உருவங்கள், பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருளைப் பிரித்து ஒட்டியதுபோல.

அடுத்து மூன்றாம் ராமசேஸ் (11-ஆம் எண்). உள்ளே போகும்போது நடை திடீரென்று ஒரு பக்கம் விலகும். வெட்டிக்கொண்டே போனவர்கள் பக்கத்துக் கல்லறைக்குள் உடைத்துக்கொண்டு போய்விட்டதால், அச்சை மாற்றித் தொடர்ந்த இடம் அது. மூன்றாவதாக நான்காம் ராமசேஸ் (2-ஆம் எண்): அகலமான சரிவு, பிரமாண்டமான கல் சவப்பெட்டி, மேலே வானதேவி நூட்.

துட்டன்காமுன் கல்லறை 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்தது. அளவில் சின்னது, அடக்க அறையில் மட்டும்தான் ஓவியம். தங்க முகமூடியும் மற்ற பொருள்களும் கெய்ரோ பக்கம் இருக்கின்றன. ஆனால் மன்னனின் மம்மி இன்னும் அந்தக் கல்லறையிலேயே இருக்கிறது. அதற்காகப் போகிறவர்கள் போகலாம். ஓவியத்துக்காகத்தான் என்றால், அந்தப் பணத்தை ஆறாம் ராமசேஸுக்கு (9-ஆம் எண்) கொடுங்கள் என்பேன். முதலாம் சேட்டி கல்லறை எல்லாவற்றையும் விட மேல். கட்டணமும் அப்படியே: பொது டிக்கெட்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

கேள்வி: கைடு கல்லறைக்குள் வரவே மாட்டாராமே. அப்புறம் எதற்குக் காசு?

பதில்: ஏமாற்று இல்லை, விதி. குறுகலான நடையில் குழுக்கள் நின்று கேட்டால் நெரிசல். மூச்சின் ஈரமும் கூடும். ஈரம் பட்டால் சுண்ணாம்புப் பாறையிலுள்ள உப்பு கரைந்து மேலே வந்து உறைந்து, ஓவியப் பூச்சைத் தள்ளிப் பெயர்த்துவிடும். அதனால் நல்ல கைடு வெளியே நிழலில் படங்களைக் காட்டி, எந்தச் சுவரில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். அதைச் செய்யாதவரிடம்தான் சண்டை போட வேண்டும்.

கேள்வி: போன முறை போனபோது கோவில் சுவரெல்லாம் போட்டோவில் வெறுமையாகத் தெரிந்தது. கேமராவில் கோளாறா?

பதில்: நேரத்தில் கோளாறு. எகிப்தியர்கள் பெரும்பாலும் வெளிச்சுவரில் உருவத்தைக் கல்லுக்குள் குழித்து வெட்டினார்கள். நிழல் விளிம்பில் விழுந்தால்தான் கோடு தெரியும். உச்சி வெயிலில் நிழலே இல்லை. சூரியன் தாழ்ந்து பக்கவாட்டில் அடிக்கும்போது அதே சுவர் உயிர்பெறும். மெதினெட் ஹாபுவில் மட்டும் தப்பித்துக்கொள்ளலாம்: மூன்றாம் ராமசேஸ் காலத்து வெட்டு அவ்வளவு ஆழம். போரில் வெட்டிய எதிரிகளின் கைகளைக் குவித்துப்போட்டு, எழுத்தர்கள் எண்ணிக் குறிக்கும் காட்சியை அங்கே தேடுங்கள்.

ஹாட்ஷெப்சுட் கோவிலின் புந்து நாட்டுப் பயணக் காட்சி இதற்கு நேர்மாறு. தூண் தாழ்வாரத்துக்குள் மெல்லிய புடைப்பு. நேராக நின்றால் பிடிபடாது. சுவரை ஒட்டிச் சாய்ந்து பாருங்கள்: வேரோடு கூடையில் வைத்து மரக்கன்றுகளைக் கப்பலுக்குச் சுமக்கிறார்கள், கப்பலின் அடியில் மீன்கள் நீந்துகின்றன.

கர்நாக்கின் 134 தூண் மண்டபத்தில் எல்லோரும் தூணைத்தான் படமெடுப்பார்கள். நடு வரிசையில் நின்று, மேலே உத்திரத்தின் அடிப்பக்கம் பாருங்கள். பழைய வண்ணம் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: பணம் எப்படி எடுத்துப்போவது?

பதில்: கவுன்ட்டர்களில் பெரும்பாலும் கார்டு மட்டும்தான். மாணவர் அடையாள அட்டை இருந்தால் பாதிக் கட்டணம். மெதினெட் ஹாபுவுக்கு வாசலில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்; மெம்னோன் சிலைகளைத் தாண்டி உள்ள டிக்கெட் அலுவலகத்தில் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். கையில் 10, 20 எகிப்து பவுண்டு நோட்டுகள் நிறைய வையுங்கள்: கழிப்பறை, தண்ணீர், பக்‌ஷீஷ் (டிப்ஸ்). காவலர் கயிற்றை விலக்கி 'வாங்க, ஸ்பெஷல்' என்று கூப்பிட்டால் அது இலவசம் இல்லை. வேண்டாம் என்று சொல்லி நடந்தால் விட்டுவிடுவார்.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி. அழைத்துப்போகலாமா?

பதில்: மூன்றாம் துத்மோஸும் சேட்டியும் வேண்டாம். நான்காம் ராமசேஸ் ஏற்றது. நுழைவிடத்திலிருந்து மேலே மின்வண்டி போகிறது, டிக்கெட் தனி. ஹாட்ஷெப்சுட் கோவிலில் நீண்ட சரிவு ஏற வேண்டும், நிழல் கிடையாது. அங்கே முதல் தளத்தோடு நின்றாலும் பரவாயில்லை. கர்நாக் சமதரை.

கேள்வி: பாப்பிரஸ் கடை, அலபாஸ்டர் கல் பட்டறை என்று நிறுத்துவார்களாமே?

பதில்: நிறுத்துவார்கள், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்தை விழுங்கும். 'கடை நிறுத்தம் வேண்டாம்' என்று முன்பதிவின்போதே எழுத்தில் வாங்குங்கள். வாங்கத்தான் ஆசை என்றால், பாப்பிரஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள்: குறுக்கும் நெடுக்குமாகக் கீற்றுகள் ஒழுங்கில்லாமல் தெரிந்தால் அசல். வாழைநாரில் செய்தது சுருட்டினால் வெடிக்கும்.