நரம்புக்குள் ஓடும் சரக்கு: ரான் வேலின் ஆராய்ச்சி பற்றி உங்கள் கேள்விகள்

கைனெசின் புரதத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான அமெரிக்க விஞ்ஞானி ரான் வேல் பற்றிப் போன வாரம் பேச்சு வந்தது. கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (பிளஸ் டூ மாணவர்): சார், கைனெசின் என்னதான் செய்கிறது?

முதுகுத்தண்டிலிருந்து கால் விரலுக்குப் போகும் ஒரு ஆக்ஸான், அதாவது நரம்பு செல்லின் நீண்ட இழை, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம் தம்பி. அதற்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை செல் உடலில்தான் தயாராகின்றன. அவை தானாகப் பரவி நுனிக்குப் போய்ச் சேரட்டும் என்று விட்டால், கணக்குப்படி ஆயிரம் வருடம் தாண்டிவிடும். ஆக்ஸானுக்குள் நெடுக மைக்ரோட்யூபியூல் என்ற மெல்லிய குழல்கள் கிடக்கின்றன. செல்லின் எரிபொருளான ஏடிபியை எரித்து, சரக்கைச் சுமந்துகொண்டு அவற்றின் மேல் நடப்பது கைனெசின். வேகமான சரக்கு ஒரு நாளில் 200 முதல் 400 மில்லிமீட்டர் போகும்.

கேள்வி (விலங்கியல் ஆசிரியை): நரம்பு வளர்ச்சிக் காரணியில் வேலை செய்த வேல், கணவாய் மீனிடம் எப்படிப் போனார்?

ஸ்டான்ஃபோர்டில் எரிக் ஷூட்டரின் ஆய்வகத்தில் அவர் ஆராய்ச்சி மாணவர். ஆக்ஸான் நுனியில் பிடிபடும் அந்தக் காரணியின் (நரம்பு செல்லை வளரத் தூண்டும் புரதம்) சேதி செல் உடலுக்கு எப்படித் திரும்புகிறது என்ற கேள்வி அவரைக் குடைந்தது. அதே சமயம் அங்கே வந்திருந்த மைக்கேல் ஷீட்ஸ், ஜேம்ஸ் ஸ்புடிச்சுடன் சேர்ந்து, தசையைச் சுருக்கும் மோட்டார் புரதமான மயோசினைப் பூசிய மணிகளை, ஒரு பாசியின் ஆக்டின் என்ற புரத இழைகள் மேல் ஓட வைத்தார். ஆக்ஸானிலும் இதேதான் நடக்கிறதோ? பார்க்க வேண்டுமானால் கணவாயின் ராட்சத ஆக்ஸான்தான் வசதி. ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்கும். ஆனால் 1983இல் எல் நினோ காரணமாகக் கலிஃபோர்னியாக் கடலில் கணவாய் கிடைக்கவில்லை. எனவே நாட்டின் அந்தக் கோடிக்கு, மாசசூசெட்ஸில் உள்ள வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குப் போனார்கள். கலிஃபோர்னியாவிலேயே கணவாய் அகப்பட்டிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கும் என்பது என் எண்ணம். வீடியோ நுண்ணோக்கியில் கைதேர்ந்தவர்கள் இருந்தது வுட்ஸ் ஹோலில்தான்.

கேள்வி (எம்.எஸ்சி. மாணவி): பரிசோதனையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.

இதற்குத்தான் காத்திருந்தேன். ஆக்ஸானை ஒரு முனையில் வெட்டி, உருளையால் அழுத்தினால் உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கி வந்துவிடும். மைக்ரோட்யூபியூலின் தடிமன் 25 நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் அது தெரியாது. வீடியோ கேமராவில் மின்னணு முறையில் பின்னணியைக் கழித்தால் தெரியும். சரக்கு ஓடும் இழை ஆக்டின் அல்ல, ஒற்றை மைக்ரோட்யூபியூல் என்பதை புரூஸ் ஷ்னாப், தாமஸ் ரீஸ் ஆகியோருடன் சேர்ந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உறுதிசெய்தார்கள். அத்தோடு மயோசின் யோசனை முடிந்தது.

அடுத்து, பிரித்தெடுத்த சரக்குப் பைகளைச் சுத்தமான மைக்ரோட்யூபியூல்களோடு விட்டால், ஒன்றிரண்டு தவிர மற்றவை அப்படியே கிடந்தன. கூழின் கரையும் பகுதியைச் சேர்த்ததும் நிறைய ஓட ஆரம்பித்தன. வெறும் பிளாஸ்டிக் மணிகளும் ஓடின! சரக்கே இல்லாதபோது மைக்ரோட்யூபியூல்கள் கண்ணாடியின் மேல் தாமே வழுக்கிச் சென்றன. மோட்டார் அந்தக் கரைசலில்தான் இருக்கிறது, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு குழல்களைத் தள்ளுகிறது என்று அர்த்தம்.

என்னைக் கேட்டால் இந்த இடம்தான் முக்கியம். இனி எந்தப் பகுதியில் மோட்டார் இருக்கிறது என்று தேட, ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் விட்டு, மைக்ரோட்யூபியூலும் ஏடிபியும் சேர்த்து, நகர்கிறதா என்று பார்த்தால் போதும். ஏடிபி போலவே இருந்தும் எரியாத ஒரு மூலக்கூறு, சரக்கை மைக்ரோட்யூபியூலோடு இறுகப் பிணைக்கிறது என்று லாசெக், பிரேடி என்ற ஆய்வாளர்கள் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். அதைத் தூண்டிலாக வைத்துப் புரதத்தைப் பிடித்துக் கழுவி, ஏடிபி ஊற்றிக் கழற்றினார்கள். 1985இல் வேல், ரீஸ், ஷீட்ஸ் மூவரின் கட்டுரை வந்தது. அதே வருடம் பிரேடியும் கோழி மூளையிலிருந்து இப்படி ஒரு புரதத்தைத் தனியாகப் பிரித்தார். அவரைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

கேள்வி: 26 வயதில் இதைச் செய்துவிட்டு அப்புறம் என்ன செய்தார்?

சான் ஃபிரான்சிஸ்கோவில் சொந்த ஆய்வகம். 1996இல் கைனெசின் தலையின், அதாவது அதன் மோட்டார் பகுதியின், வடிவம் வெளியானபோது எல்லோருக்கும் ஆச்சரியம்: அமினோ அமில வரிசையில் உறவே தெரியாத மயோசினின் மையப் பகுதியோடு அது ஒத்துப்போனது. ஒவ்வொரு அடியும் 8 நானோமீட்டர் என்று 1993இல் அளந்தது இவர் அல்ல, ஷ்னாப், பிளாக் முதலானோர். 2012இல் ஷீட்ஸ், ஸ்புடிச்சோடு லாஸ்கர் மருத்துவ ஆராய்ச்சி விருது. 2020இல் ஜனீலியா ஆய்வு வளாகத்தின் இயக்குநரானார்.

கேள்வி (பயிற்சி மருத்துவர்): நோயாளிகளுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு டாக்டர். கிஃப்5ஏ என்ற கைனெசின் மரபணு கெட்டால் கால்கள் விறைத்துப்போகும் ஒரு பரம்பரை நோய் வரும். நீளமான ஆக்ஸான்கள்தானே முதலில் அடிவாங்கும். எதிர்த்திசையில், செல் உடலை நோக்கி நடப்பது டைனீன் என்ற இன்னொரு மோட்டார் புரதம். ரேபிஸ் வைரஸ் மூளைக்கு ஏறுவது அந்தத் திசைப் போக்குவரத்தில்தான்.

கேள்வி: கல்லூரியில் நல்ல நுண்ணோக்கி இல்லை. எங்கே தொடங்குவது?

வேல் தொடங்கிய ஐபயாலஜி இணையதளத்தில் விரிவுரைகள் இலவசம். மோட்டார் புரதங்கள் பற்றி அவரே பேசியதை முதலில் பாருங்கள். பெங்களூரு என்.சி.பி.எஸ். உயிரியல் ஆய்வு மையத்தில் தங்கியிருந்தபோது, 2009 வாக்கில், இளம் ஆய்வாளர் சந்திப்புகளையும் இந்தியா பயோசயின்ஸ் என்ற இணையதளத்தையும் தொடங்க உதவியவர் அவர். அந்தத் தளத்தில் பயிற்சி இடங்களும் வேலை அறிவிப்புகளும் வரும்; கோடை விடுமுறைக்கு முன்பே பார்த்து வையுங்கள்.