வாசகர் கேள்வி–பதில்: டிராகுலாவோடு தரங்கம்பாடிக்கு

கேள்வி: பழைய திகில் கதைகள் என்றால் எனக்கு உயிர். ஊர் சுற்றவும் பிடிக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே நாளில் போய்வர இடம் உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாக உண்டு. ‘பேய் பங்களா’ என்று கைகாட்டும் இடிந்த வீடுகள் மட்டும் வேண்டாம். அங்கே பாம்பும் உடைந்த பாட்டிலும்தான் இருக்கும்.

காலையிலேயே ஒரு வண்டி பிடித்து, மயிலாடுதுறை சாலையில் உள்ள திருவிடைமருதூரில் இறங்குங்கள். வரகுண பாண்டியனின் குதிரை இருட்டில் மிதித்து ஓர் அந்தணர் இறந்துபோக, அந்தப் பாவம் பிரமகத்தி என்ற பேயாகி அரசனைப் பிடித்துக்கொண்டது என்கிறது தலபுராணம். மகாலிங்கசுவாமி கோயிலின் கிழக்கு வாசலில் அவன் நுழைந்ததும், அது உள்ளே வர முடியாமல் வெளியே நின்றுவிட்டது. அவன் மேற்கு வாசல் வழியாகப் போய்விட்டான். அது இன்னும் காத்திருக்கிறது. கிழக்கு வாசலில் அதன் சிலையைப் பார்க்கலாம். அதனால்தான் வந்த வழியே திரும்புவதில்லை என்ற வழக்கம். பலர் இதில் தவறுவது செருப்பால். கிழக்கே கழற்றிப் போட்டுவிட்டால், எடுக்க அங்கேயேதான் வரவேண்டும். ஒரு பையில் போட்டு வண்டியிலேயே வைத்துவிட்டு, வண்டியை மேற்கு வாசலுக்கு வரச் சொல்லுங்கள். உச்சி வேளையில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் தாமதம் கூடாது.

அடுத்து மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார். மணிமேகலையின் ஆறாவது காதையை அலைபேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகாரின் சுடுகாட்டுக்குள் தனியே போன சார்ங்கலன் என்ற சிறுவன், பிணத்தின் தலையைக் கையில் ஏந்திப் பேய் ஆடுவதைக் காண்கிறான். பேய் அவனைத் தொடவே இல்லை. வீட்டுக்கு ஓடிவந்து, ‘வெம்முது பேய்க்கு என் உயிர் கொடுத்தேன்’ என்று சொல்லித் தாயின் முன் விழுந்து சாகிறான். அந்த ஒரு வரிக்கு ஈடாக எந்த மொழித் திகில் கதையிலிருந்தும் ஒரு வரி எடுத்துக்காட்டுவது கடினம்.

மாலை தரங்கம்பாடி. அங்கே படிக்கவேண்டிய கதை அடுத்த பதிலில் இருக்கிறது. பூம்புகாரிலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். 1620-இல் டேனியர்கள் எழுப்பிய கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை உண்டு. கிளம்புமுன் விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: ‘டிராகுலா’வை இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் ஐந்தாம் அத்தியாயத்தில் விட்டுவிட்டேன். ஏன் இப்படி?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: பலரும் தடுக்கி விழும் இடம் அது. பிராம் ஸ்டோக்கரின் இந்த நாவலில் முதல் நான்கு அத்தியாயமும், டிராகுலா பிரபுவின் கோட்டையில் சிக்கிய ஹார்க்கர் என்ற இளம் ஆங்கிலேய வழக்கறிஞரின் நாட்குறிப்பு. அது ஜூன் 30-இல் நிற்கிறது. ஐந்தாவது, இரண்டு தோழிகளின் கடிதங்களோடு மே 9-க்குப் பின்னோக்கிப் போகிறது. தலைப்பில் உள்ள தேதியைக் கவனிக்காமல் போனால் கதை அறுந்துபோனதாகத் தோன்றும். ஒரு துண்டுத்தாளில் தேதி, எழுதுபவர் பெயர் இரண்டையும் குறித்துக்கொண்டே படியுங்கள். தேதிகளை வெட்டிய சுருக்கப் பதிப்பு உதவாது.

அப்படியும் ஓடவில்லையா? ஏழாம் அத்தியாயத்தில் ‘டெமீட்டர்’ கப்பலின் நாட்குறிப்பை மட்டும் தனியாகப் படியுங்கள். ஜூலை 6-இல் கருங்கடல் துறைமுகமான வார்னாவிலிருந்து மண் நிரம்பிய பெட்டிகளோடு புறப்படும் கப்பலில் ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். டிராகுலா என்ற பெயரே அந்தக் குறிப்பில் இல்லை. கடைசியில், சுக்கானோடு தன் கைகளைக் கட்டிக்கொண்ட கேப்டனின் பிணத்தோடு கப்பல் கரை சேர்கிறது. வெளிச்சம் மங்கும் நேரத்தில் தரங்கம்பாடிக் கோட்டைக்கு எதிரே, கடலைப் பார்த்து உட்கார்ந்து படியுங்கள். பிறகு ஐந்தாம் அத்தியாயம் தானாக ஓடும்.

கேள்வி: தஞ்சை அரண்மனைக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?
– வாசகி, திருவாரூர்

பதில்: சரஸ்வதி மகால் அருங்காட்சியகம். மனித முகங்களை விலங்கு முகங்களோடு ஒப்பிட்டுப் பிரெஞ்சு ஓவியர் லெ ப்ரன் வரைந்த படங்களை நிதானமாகப் பாருங்கள். சீனத் தண்டனைப் படங்களும் உண்டு. சிறுபிள்ளைகளை அந்தப் பக்கம் அழைத்துப் போகவேண்டாம். அன்றிரவே ஸ்டீவன்சனின் ‘ஜெகில்–ஹைட்’ (1886) படித்துவிடுங்கள். பத்தே அத்தியாயம். லெ ப்ரன் மூக்கையும் புருவத்தையும் தொட்டுக் காட்டுகிறார். ஆனால் கதையில் வரும் கொடியவன் ஹைடின் முகத்தில் எது கோணல் என்று பார்த்தவர் யாராலும் சொல்ல முடியவில்லை.