நீலம் மட்டும் ஏன் மசமசக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய மூன்று டியூப் வீடியோ புரொஜெக்டர் (நிறத்துக்கு ஒரு பிக்சர் டியூப்) ஒன்றை வாங்கி மாடி அறையில் வைத்திருக்கிறேன். பச்சை தெளிவாக இருக்கிறது. சிவப்பும் நீலமும் மங்கல். எழுத்துகளைச் சுற்றி நிறம் வழிகிறது. லென்ஸைத் திருகினால் இடது பக்கம் சரியாகி வலது பக்கம் கெடுகிறது.
– ஒரு வாசகர், வில்லிவாக்கம்

பதில்: எதையும் திருகுமுன், கெட்டிருப்பது ஃபோகஸா (ஒவ்வொரு நிறத்தின் கூர்மை), கன்வர்ஜென்ஸா (மூன்று நிறமும் திரையில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) என்று பிரித்துப் பாருங்கள். திரையில் இரண்டும் ஒரே மாதிரி மங்கலாகத்தான் தெரியும். செட்டைப் போட்டு அரை மணி நேரம் சூடேற விட்டு, வெள்ளைக் கட்டக்கோடுகளை வரவழையுங்கள். கறுப்பு அட்டையால் இரண்டு லென்ஸை மறைத்து, ஒவ்வொரு நிறமாகப் பாருங்கள். தனியாகப் பார்க்கும்போது கோடு மெல்லிசாக இருந்து, மூன்றும் சேரும்போது மட்டும் ஓரத்தில் நிறம் எட்டிப் பார்த்தால் அது கன்வர்ஜென்ஸ். லென்ஸைத் தொடவே வேண்டாம். தனியாகவே மங்கினால்தான் ஃபோகஸ்.

ஃபோகஸ் என்றால் மின்பகுதியா, லென்ஸா? கான்ட்ராஸ்ட்டை நன்றாகக் குறைத்துவிட்டு, லென்ஸ் வழியாக டியூபின் முகத்தையே பாருங்கள். படத்தை வரையும் ஸ்கேன் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிரிந்து தெரிந்தால் டியூபில் குறையில்லை. கோடுகள் குழைந்து ஒரே பூச்சாகத் தெரிந்தால் மின் ஃபோகஸ் விலகியிருக்கிறது. அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். டியூபில் இல்லாத கூர்மையை எந்த லென்ஸாலும் திரைக்குக் கொண்டுபோக முடியாது. அந்த நிறத்துக்கான ஃபோகஸ் கன்ட்ரோலை மெல்லத் திருப்பி, கோடுகள் பிரியும் இடத்தில் நிறுத்துங்கள். டியூபின் முகத்தில் தெரியும் ஒளிப்புள்ளி, கன்ட்ரோலை ஒரு பக்கம் திருப்பும்போது படுக்கைவாட்டிலும் மறுபக்கம் திருப்பும்போது செங்குத்தாகவும் நீண்டால், டியூபின் கழுத்தில் உள்ள காந்த வளையங்களைத் திருத்த வேண்டும். அது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை.

நீலத்தை மட்டும் ஊசிமுனையாக்கப் பாடுபடாதீர்கள். நீல டியூபின் முகத்தில் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள், அதில் மோதும் எலக்ட்ரான் கற்றையின் மின்னோட்டம் கூடக் கூட அதற்கேற்ற வெளிச்சம் தராமல் திணறும். அதனால் கம்பெனியிலேயே நீலக் கற்றையைக் கொஞ்சம் பரப்பி வைப்பார்கள். முழுக்கக் கூராக்கினால் வெள்ளை மஞ்சளடிக்கும். வீடியோ சிக்னலின் ஒளிர்வில் நீலத்தின் பங்கு 11 விழுக்காடுதான். பச்சைக்கு 59, சிவப்புக்கு 30. எனவே உங்கள் உழைப்பைப் பச்சையிலும் சிவப்பிலும் போடுங்கள்.

இனி லென்ஸ். பெரும்பாலான லென்ஸ்களில் இரண்டு சிறகுத் திருகுகள் இருக்கும். ஒன்று நடுப்பகுதிக்கு, மற்றொன்று ஓரங்களுக்கு. நடுவைக் கூராக்கி, பிறகு ஓரம், மறுபடி நடு என்று மாறிமாறிச் செய்யுங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது சற்று நகரும். உங்களுக்கு இடதும் வலதும் சேர்ந்து வராததற்குக் காரணம் வேறு. பச்சை டியூப் நடுவில் நேராகத் திரையைப் பார்க்கிறது. சிவப்பும் நீலமும் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பார்க்கின்றன. அதை ஈடுகட்ட லென்ஸுக்கும் டியூபுக்கும் இடையே சிறு சாய்வு கொடுத்திருப்பார்கள். முந்தைய உரிமையாளரின் திரை அளவுக்கும் தூரத்துக்கும் வைத்த சாய்வு உங்கள் அறைக்குப் பொருந்தவில்லை. லென்ஸைப் பிடித்திருக்கும் மூலைத் திருகுகளில் ஒரு பக்கத்து ஜோடியை மட்டும் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். மங்கல் கூடினால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். எல்லாம் முடிந்த பிறகு கன்வர்ஜென்ஸை மறுபடி அமைக்க வேண்டும்.

செட் சூடாகச் சூடாக ஃபோகஸ் கெட்டால், சந்தேகம் ஃபோகஸ் கன்ட்ரோல்கள் இருக்கும் பகுதியான ஃபோகஸ் பிளாக்கின் மேல். சென்னைக் காற்றின் ஈரமும் தூசியும் சேர்ந்து அதில் மின்கசிவு உண்டாக்கும். மின்னழுத்தத்தால் குவிக்கும் மாடல்களில் அதில் பல ஆயிரம் வோல்ட் ஓடும். எனவே ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண வால்யூம் கன்ட்ரோலை அங்கே போட்டுவிடாதீர்கள். டியூபுக்குப் போகும் மின்னழுத்தம் 30,000 வோல்ட்டையும் தாண்டும். அணைத்த பிறகும் டியூபில் மின்சாரம் தேங்கி நிற்கும். வெளியே உள்ள கன்ட்ரோல்களோடு நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி: வெளிச்சமான இடங்கள் மட்டும் பரவி மங்குகின்றன. இருட்டுக் காட்சி நன்றாக இருக்கிறது. டியூப் போய்விட்டதா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: போயிருக்கலாம், ஆனால் முதலில் கான்ட்ராஸ்ட்டைக் குறைத்துப் பாருங்கள். தேய்ந்த டியூபை வெளிச்சமாக்க யாரோ கான்ட்ராஸ்ட்டைக் கூட்டியிருப்பார்கள். மின்னோட்டம் கூடினால் புள்ளி வீங்கும். குறைத்ததும் கூர்மை திரும்பினால், சின்னத் திரையும் நன்றாக இருட்டாக்கிய அறையும் போதும். புது டியூபைத் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: ஃபோகஸ் எல்லாம் சரிதான். ஆனால் எழுத்தைச் சுற்றி ஒரு ஒளிவட்டம்.
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: செட்டை அணைத்து, ஆறவிட்டு, டார்ச் அடித்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். லென்ஸில் தூசிப் படலம் இருந்தால் மென்மையான துணியால் துடைத்தாலே போதும். உள்ளே பால்போல் கலங்கலோ நூல் நூலாகப் பூஞ்சையோ தெரிந்தால், டியூபுக்கு முன்னால் உள்ள குளிர்விப்புத் திரவம் கெட்டுவிட்டது. அது கிளைக்கால், கிளிசரின் கலந்த திரவம். தண்ணீர் ஊற்றினால் ஒளி செல்லும் பாதை மாறும். பூஞ்சையும் சீக்கிரம் வரும். பழையதை முழுக்க வடித்து, கண்ணாடியைச் சுத்தம் செய்து, உங்கள் மாடலுக்குரிய திரவத்தையே நிரப்ப வேண்டும். மேலே காற்றுக் குமிழி தங்கக்கூடாது. சூட்டில் திரவம் விரிய உள்ள மெல்லிய சவ்வு கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கசிந்து கீழே உள்ள போர்டில் சொட்டினால் பொறி பறக்கும். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். வடித்ததைக் குழந்தைகளும் நாயும் பூனையும் நெருங்காத இடத்தில் மூடி வையுங்கள்.